கிளிநொச்சியிலிருந்து கனடாவுக்கு ஒரு நூல்

வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்பக் கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போனவர்களுக்குப் பாதை மனப்பாடம்: மாங்குளம், வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. 300 கிலோமீற்றருக்கு மேல். இரவுச் சாப்பாட்டை முடித்து வெளிக்கிட்டால் விடியப்புறம்தான் போய்ச் சேரலாம். தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து நேராக அளந்தால் அதே தூரம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர்தான்.

விமானத்துக்கும் இந்த அடிமட்டக் கணக்குத்தானா? பலாலி–சென்னைக்குச் சரிவரும். இரண்டுமே ஏறத்தாழ 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கின்றன. பலாலி 9.8 பாகை வடக்கு, சென்னை 13. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். வித்தியாசமான 3.2ஐப் பெருக்கினால் 355. கொப்பியும் பேனையும் போதும்.

சரி, மணிக்கு 500 கிலோமீற்றர் பறக்கும் ஏ.டி.ஆர் என்ற சிறிய விமானத்துக்கு இது 43 நிமிடப் பயணம். ஆனால் ரிக்கெற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். அந்த நேரம், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, மற்ற ஊரில் தரிப்பிடத்தில் நிற்கும்வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, வரிசையில் காத்து வளைந்து இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறுகிய பயணத்தில்தான் இது பெரிதாகத் தெரியும்.

கனடாவுக்கு அடிமட்டம் உதவாது. ஒரு தோடம்பழம் எடுங்கள். காம்பை வடதுருவமாக வைத்து, நடுவுக்குச் சற்று மேலே நம் நாட்டுக்கு ஒரு புள்ளி, கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தில் காம்புக்கும் நடுவுக்கும் இடையில் ரொறன்ரோவுக்கு ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே காம்புப் பக்கம் ஏறும்! கட்டுநாயக்கவிலிருந்து அந்த நூல் இந்தியா, பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, 72 பாகை வடக்கைத் தொட்டு, கிரீன்லாந்தைக் கடந்து கனடாவுக்குள் இறங்குகிறது. நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். சுவரிலுள்ள தட்டைப் படத்தில் இது பெரிய வளைவாகத் தெரிந்தாலும் உருண்டையில் இதைவிடக் குறுகிய வழி கிடையாது. பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை பழத்திலேயே செய்துகாட்டுங்கள். பிறகு மறக்கவே மாட்டார்கள். டுபாயில் விமானம் மாறிப் போகிறவர்களின் பயணம் இரண்டு நூல்கள். சேர்த்தால் இன்னும் நீளம்.

அப்புறம் காற்று. லண்டனுக்குப் போகும்போது கூடுதல் நேரம், வரும்போது குறைவு என்று பயணம் போனவர்கள் சொல்வது உண்மை. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமான தெற்குக்கும் குளிர்ந்த வடக்குக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும்.

கட்டுநாயக்க–லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் 900, காற்று சராசரியாக 50 என்று வைப்போம். போகும்போது தரைக்கு மேலான வேகம் 850. 10 மணி 14 நிமிடம். வரும்போது 950, 9 மணி 9 நிமிடம். அதே தூரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்.

மார்கழி, தையில் வடக்கே குளிர் கூடும்போது அந்தக் காற்று இன்னும் பலக்கும். பொங்கலுக்கு வருபவரின் விமானம் சில நாட்களில் குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிடும். ஏற்றப் போகும் வான் அப்போது புத்தளத்தைத் தாண்டியிருந்தால் நல்லது.