ஆவி அடங்கும் இடம்

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வன்னியின் அரிசி ஆலைகள் இரவு பகலாக ஓடும்போது பேச்செல்லாம் உமியைப் பற்றித்தான். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்துத்தான் பொயிலர் நீராவி தருகிறது. அந்த நீராவியில்தான் நெல் அவிகிறது. உலர்த்தி வைத்திருக்கும் ஆலைகளில் நெல் காய்வதும் அதனால்தான். உலர்த்தி சூடாகவில்லை என்றால் முதலில் ஏச்சு வாங்குபவர் அடுப்புக்கு உமி தள்ளுகிறவர். அடுத்து, "பொயிலர் போதாது, பெரிதாக ஒன்று போட வேண்டும்" என்ற யோசனை வரும். நீராவி போய்ச் சேரும் மறுமுனையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த மறுமுனைக்குப் பொதுப்பெயர் ஒடுக்கி. நீராவி வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகும் இடம் எதுவானாலும் அது ஒடுக்கிதான். அனல்மின் நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் ஆவியை நீராக்கும் பிரமாண்டமான கூடும் ஒடுக்கி. நெல் உலர்த்தியின் காற்றுப் பாதையில் இருக்கும் சிறகு வைத்த குழாய்க் கட்டும் ஒடுக்கி. முன்னதில் வெப்பம் வேண்டாத சரக்கு, பின்னதில் அதுதான் வேண்டிய சரக்கு. இரண்டிலும் நடக்கும் பௌதிகம் ஒன்றே.

நீராவியின் பலம் அதன் சூட்டில் இருப்பதைவிட அதன் மறைவெப்பத்தில்தான் அதிகம் இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் கிணற்று நீர் ஒரு கிலோவை 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோயூல் போதும். ஆனால் கொதிக்கும் அந்த நீரை, வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறாமல், முழுதாக ஆவியாக்க 2,257 கிலோயூல் வேண்டும். ஆவி மீண்டும் நீராகும் கணத்தில் அவ்வளவும் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே நீராகாமல் தப்பியோடும் ஒவ்வொரு கிலோ ஆவியும் தன் சுமையை இறக்காமலே போகிறது.

இன்னொரு பயனும் உண்டு. 1 லீட்டர் நீர் 100 பாகையில் ஆவியானால் சுமார் 1,670 லீட்டர் இடத்தை அடைக்கும். மூடிய கூட்டுக்குள் அது மறுபடி நீரானால் அவ்வளவு இடமும் ஏறத்தாழ வெறுமையாகிவிடும். 1712இல் நியூகொமன் அமைத்த நீராவி இயந்திரம் இந்த வெற்றிடத்தை வைத்தே உந்தியை இழுத்தது. ஆனால் ஆவி நிறைந்த உருளைக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீச்சியதால், ஒவ்வொரு அடிக்கும் உருளையும் குளிர்ந்து, மீண்டும் சூடேற வேண்டியிருந்தது. ஜேம்ஸ் வாட் 1765இல் கண்ட தீர்வு எளிமையானது: ஆவியைக் குளிர வைக்கத் தனிக் கலன். 1769இல் அதற்கு உரிமம் பெற்றார். நீராவி யுகம் சூடுபிடித்தது ஒரு குளிர்ந்த கலனால் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

வன்னியில் பெரிய அனல்மின் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் நமக்கும் மின்சாரம் தரும் தேசிய வலையமைப்பின் பெரிய நிலக்கரி நிலையம், மன்னாருக்குத் தெற்கே புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் இருக்கிறது. 300 மெகாவோட் வீதம் மூன்று இயந்திரங்கள். கடல்நீர்தான் அதன் ஒடுக்கியைக் குளிர்விக்கிறது. இத்தகைய நிலையங்களில் நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி ஒடுக்கி வழியாகவே வெளியேறிவிடும். ஒடுக்கிக்குள் ஆவி 40 பாகையில் நீரானால் அங்குள்ள அமுக்கம் 7.4 கிலோபஸ்கால், வளிமண்டல அமுக்கத்தில் பதினான்கில் ஒரு பங்கு. குழாய்களில் அழுக்குப் படிந்து அது 50 பாகைக்கு ஏறினால் அமுக்கம் 12.3 ஆகிவிடும். சுழலிக்குக் கிடைக்கும் வேலையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் குறையும். இரண்டுதானே என்று தோன்றலாம். 300 மெகாவோட்டில் இரண்டு வீதம் என்பது 6 மெகாவோட். அதே நிலக்கரியை எரித்தும் கிடைக்காமல் போகும் மின்சாரம் அது.

பத்துப் பாகை எங்கே தொலைகிறது? ஆவியிலிருந்து வெளியே போகும் வெப்பம் வரிசையாகச் சில படலங்களைக் கடக்க வேண்டும். குழாயில் ஆவி படும் பக்கத்தில் வழியும் நீர்ப்படலம், அதன் மேல் தேங்கும் காற்று, உலோகம், உலோகத்தின் மறுபக்கம் ஒட்டிய சுண்ணாம்போ தூசியோ. இதில் உலோகம்தான் மிகக் குறைந்த தடை. ஆனால் விலைப்பட்டியலில் நாம் விசாரிப்பது செம்பா, எஃகா என்றுதான்.

முதலில் நீர்ப்படலம். ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீரானதும், அந்த நீரே அடுத்து வரும் ஆவிக்குத் திரையாகிவிடுகிறது. இதைக் கணக்கில் வடித்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நுசெல்ட், 1916இல். படலம் எவ்வளவு தூரம் வழிகிறதோ அவ்வளவுக்குத் தடிக்கும் என்பது அந்தக் கணக்கின் சாரம். நீளக் குழாயை நிமிர்த்தி வைப்பதைவிடப் படுக்க வைத்தால் நீர் அரைச்சுற்றிலேயே சொட்டிவிடும் என்பதால், குழாய்க்கு வெளியே ஆவி ஒடுங்கும் பெரிய ஒடுக்கிகளில் குழாய்கள் படுக்கையாகவே கிடக்கின்றன. அப்படியும் மேல்வரிசைக் குழாயின் நீர் கீழ்வரிசையின் தலையில் விழுந்து அதை நனைக்கும். குழாய்க் கட்டை ஓயாமல் உயர்த்திக்கொண்டே போவதில் பயன் இல்லாததற்கு அது ஒரு காரணம்.

படலமே படியாமல் துளித்துளியாக உருண்டு ஓடினால்? சுவர் உடனுக்குடன் வெறுமையாகும். வெப்பம் பத்து மடங்குவரை வேகமாகக் கடக்கும். இது 1930இலேயே ஜெர்மனியில் பரிசோதித்துக் காட்டப்பட்டது. 'தாமரை இலைத் தண்ணீர்போல' என்று பேசிப் பழகிய நமக்கு, குளத்துத் தாமரை இலையைப் பார்த்து உலோகத்துக்கும் அப்படியொரு தோல் போர்த்தினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. ஆனால் இலையின் மேல் மழைத்துளி விழுவது வேறு, இலையின் மேலேயே ஆவி குளிர்ந்து நீராவது வேறு. மெழுகு பூசிய நுண்ணிய மேடுகளின் உச்சியில் துளி தங்குவதால்தான் அது உருள்கிறது. ஆவியோ அந்த மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களுக்குள் புகுந்து அங்கேயே நீராகிறது. அப்போது தாமரை இலையும் நனைந்து, துளி ஒட்டிக்கொள்கிறது. மேற்பூச்சுகளின் ஆயுளும் இன்னொரு சிக்கல். நீராவியின் சூட்டில் ஆண்டுக்கணக்காக உரியாமல் நிற்கும் மெல்லிய பூச்சு அரிது. பூச்சைத் தடித்தால் பூச்சே தடையாகிவிடும். ஆய்வு தொடர்கிறது. ஆலைக்காரர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் கைக்கு எட்டிய திருட்டுகள் வேறு இருக்கின்றன.

அவற்றில் பெரிய திருடன் காற்று. ஆலை ஓய்ந்திருக்கும் இரவில் குழாய்கள் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, இணைப்புகள் வழியாகக் காற்று நுழைகிறது. காலையில் நீராவி திறந்ததும் அது காற்றைத் தள்ளிக்கொண்டு குழாயின் கடைசி மூலைக்குப் போகிறது. ஆவி நீராகி வடிந்துவிடும், காற்று நீராகாது. எங்கே ஆவி ஒடுங்குகிறதோ அந்தச் சுவரை ஒட்டியே அது குவிந்து நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் எஃகின் திறனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அசையாமல் நிற்கும் 0.1 மில்லிமீற்றர் காற்றுப்படலம், 20 சென்ரிமீற்றர் தடித்த எஃகுச் சுவருக்கு ஒப்பு. ஆவியின் எடையில் அரை வீதம் காற்றுக் கலந்தாலே, ஆவி ஒடுங்கும் வேகம் பாதியாகக் குறையக்கூடும் என்பது 1960களிலேயே கணித்துக் காட்டப்பட்ட விடயம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வெப்பமானி போதும். அமுக்கமானி 4 பார் காட்டினால், வளிமண்டலத்தையும் சேர்த்து உள்ளே 5 பார். தூய நீராவி என்றால் அதன் வெப்பநிலை 152 பாகையாக இருக்க வேண்டும். வெப்பமானி 141 மட்டுமே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 141 பாகை என்பது 3.75 பார் ஆவிக்கு உரியது. மிச்சம் 1.25 பாரைத் தருவது யார்? காற்று. அதாவது உள்ளே இருப்பதில் கால்பங்கு கனவளவு காற்று. முள் நேராக நிற்கிறது, உலர்த்தி சூடாகவில்லை என்ற புதிருக்கு விடை பெரும்பாலும் இதுதான். உமியை இன்னும் தள்ளுவதால் இது தீராது; ஆவி நுழையும் முனைக்கு எதிர்முனையில் காற்றுப் போக்கி ஒன்று வைத்து, தொடங்கும் வேளையில் அதைத் திறந்துவிட வேண்டும்.

நீர் வெளியேறும் வாயில் இருக்கும் ஸ்டீம் டிராப் அடுத்தது. நீரை விட்டு ஆவியை மறிப்பது அதன் வேலை. அடைத்துக்கொண்டால் குழாய்க்குள் நீர் தேங்கி, அந்தப் பகுதி ஒடுக்கியாகவே இல்லாமல் போகும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆவி நீராகாமலே ஓடிவிடும். வாளி வகை டிராப் என்றால் பழகிய மெக்கானிக் நீண்ட திருப்புளியின் நுனியை அதில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். விட்டு விட்டு ஓசை வந்தால் நலம். ஓயாத இரைச்சல் என்றால் உள்ளே அடைப்பான் தேய்ந்துவிட்டது.

உலர்த்தியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே குழாய்க்கு வெளியே ஓடுவது காற்று என்பதால், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது பெரிய தடை வெளிப்பக்கத்தில்தான். சிறகுகளுக்கு இடையே நெல்தூசி அடைந்தால் உள்ளே எத்தனை நுட்பம் செய்தும் பயனில்லை. காற்று ஓடும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து அமுக்கக் காற்றைப் பீச்சிச் சுத்தம் செய்வது மலிவான வேலை. மலிவானது என்பதாலேயே தள்ளிப்போடப்படுகிறது.

இனி வன்னிக்கே உரிய சங்கடம்: தண்ணீர். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கிணற்று நீரைத் தொடர்ந்து கொதிக்க வைத்த கேத்திலின் அடியைச் சுரண்டினால் வெள்ளைக் காரை உதிரும். நீரில் கரைந்த கல்சியம் இருகாபனேற்று சூட்டில் பிரிந்து, கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. உப்பும் சீனியும் சூடான நீரில் கூடுதலாகக் கரையும். இதுவோ சூடேற ஏறக் கரைய மறுக்கும். ஆகவே எந்தச் சுவர் மிகச் சூடாக இருக்கிறதோ அங்கேயே போய் ஒட்டும். பொயிலர் குழாயிலும் நீரால் குளிரும் ஒடுக்கியின் குழாயிலும் ஒரே கதைதான். ஒரு மில்லிமீற்றர் காரை, இருபத்தைந்து மில்லிமீற்றர் எஃகுக்குக் குறையாத தடை. பெரிய நிலையங்களில் குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிய பஞ்சு இறப்பர்ப் பந்துகளைக் குளிர்நீரோடு ஓடவிட்டு, வேலை நிற்காமலே குழாயைத் துடைக்கிறார்கள். சிறிய ஆலையில் தூரிகையும் அளவான அமிலக் கழுவலும்தான் வழி.

அந்த இருகாபனேற்றின் இரண்டாவது வேலை பலருக்குத் தெரியாது. அது பிரியும்போது காபனீரொட்சைட்டும் வெளிப்பட்டு ஆவியோடு சேர்ந்து போகிறது. காற்றைப் போலவே அதுவும் ஒடுக்கியில் நீராகாமல் தேங்கும். வடியும் நீரில் கரைந்தால் அமிலமாகி எஃகுக் குழாயை அரிக்கும். உப்பால் புதுப்பிக்கும் மென்னீராக்கி வைத்தால் காரை நிற்கும், ஆனால் இருகாபனேற்று அப்படியே இருப்பதால் இந்த வாயு நிற்காது. மென்னீராக்கி வாங்கியபின் வடிநீர்க் குழாய் ஓட்டை விழுகிறதே என்று திகைப்பவர்கள் இங்கே தேட வேண்டும்.

குளிர்விப்பதற்கும் நீர் வேண்டும். ஒரு கிலோ ஆவியை ஒடுக்கக் குளிர்நீர் 10 பாகை சூடேறலாம் என்று வைத்தால் 54 கிலோ அளவில் நீர் ஓட வேண்டும். கடல் அருகில் இல்லாத இடத்தில் அதே நீரைக் குளிர்கோபுரத்தில் தூவி ஆறவைத்துச் சுழற்றுவார்கள். ஐஸ் ஆலைகளின் குளிர்பதன ஒடுக்கிகளிலும் இந்த முறை உண்டு. இங்கே சோளகம் கைகொடுக்கிறது. வெயில் 35 பாகை அடித்தாலும் காற்றின் ஈரப்பதன் 50 வீதமானால், ஆவியாதல் நீரை 26 பாகையை நோக்கி இழுக்கும். நல்ல கோபுரம் 30க்குக் கொண்டுவந்துவிடும். விலை என்னவென்றால், ஒடுங்கும் ஒவ்வொரு கிலோ ஆவிக்கும் கோபுரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ நீர் ஆவியாகிப் போகும். போகும் நீர் தன் உப்பை விட்டுவிட்டுப் போவதால் மீதி நீர் மேலும் மேலும் கடினமாகும். அவ்வப்போது ஒரு பகுதியைத் திறந்துவிடாவிட்டால் காரை இரட்டிப்பாகும். சிறுபோகத்துக்கே குளத்து நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஊரில் இது சின்னக் கணக்கல்ல.

இவ்வளவு சிரமத்துக்கும் நடுவே ஆலைக்குள்ளேயே மென்மையான நீர் ஒன்று கிடைக்கிறது: உலர்த்தியிலிருந்து வடியும் ஒடுங்கிய நீர். காய்ச்சி வடித்தது, கல்சியம் இல்லாதது, 90 பாகை சூட்டோடு வருவது. பல இடங்களில் அது வாய்க்காலில் ஓடுகிறது. 28 பாகைக் கிணற்று நீருக்குப் பதிலாக அதைப் பொயிலருக்குத் திருப்பினால், 5 பார் ஆவி தயாரிக்க வேண்டிய வெப்பத்தில் கிலோவுக்கு 260 கிலோயூல் மிச்சம். திரும்பி வரும் அளவுக்குப் பத்தில் ஒரு பங்கு உமி குறையும். காரையும் காபனீரொட்சைட்டும் திரும்பி வரும் நீரின் அளவுக்குக் குறையும். வேண்டியது காப்பிட்ட குழாயும் சூடு தாங்கும் ஒரு தாங்கியும் பம்பியும்தான்.

நெல் அவிக்கும் தொட்டியின் நீரை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே ஆவி நெல்லை நேரடியாகத் தொடுவதால் வடியும் நீர் மாப்பொருளோடு பழுப்பாக வரும். பொயிலருக்குள் போனால் நுரைத்து, ஆவியோடு நீரையும் அள்ளிக்கொண்டு வரும். உலர்த்தியின் வடிநீரும் ஒருநாள் நிறம் மாறியோ செந்துரு கலந்தோ வந்தால், காரணம் தெரியும்வரை அதைத் தாங்கிக்குள் விடாமல் வாய்க்காலுக்கே திருப்பிவிட வேண்டும்.