அவான்-கார்ட்: முன்னே போகும் படையின் பெயர்

முதுகிலும் இடுப்பிலும் திமில் போலப் புடைத்த ஒரு கவுன் மேடையில் நடந்து வருகிறது. முதன்முதலாகப் பார்க்கிற யாருக்கும் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "இதையெல்லாம் யார் போடுவார்கள்?" எனக்கும் அதுதான் வந்தது. இந்த வகை ஆடைகளை அவான்-கார்ட் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் வேறு கேள்வி கேட்கப் பழகினேன்.

இது பிரெஞ்சுச் சொல். அவான் என்றால் முன், கார்ட் என்றால் காவல். பெரும்படைக்கு முன்னால் போய் வழி பார்த்து, பகையை முதலில் சந்திக்கும் சிறு படைக்கு அது பெயர். ஆங்கிலத்தின் வான்கார்ட் இதே சொல்லின் தேய்ந்த வடிவம். 1825-இல் பிரான்சில் சமூகச் சிந்தனையாளர் சேன்-சிமோனின் வட்டத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை, கலைஞர்களே சமூகத்தின் முன்படை என்றது. அப்படித்தான் சொல் போர்க்களத்திலிருந்து கலைக்குள் வந்தது. ஆடைக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ஓத் கூத்தூர். அதற்கு நேர்பொருள் உயர்ந்த தையல். 1945 முதல் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர். உயர்தையல் என்றே சொல்லலாம். அது தைக்கும் திறனைக் குறிக்கிறது. அவான்-கார்ட் குறிப்பது துணிச்சலை.

சரி, அந்தத் திமில் கவுனுக்கு வருவோம். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரேய் கவாகுபோவின் 1997 வசந்தகாலத் தொகுப்பில் வந்தது அது. இழுபடும் துணிக்குள் திண்டுகளை வைத்து, உடம்பு எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் செய்துவிட்டார். ஆடை உடம்பை ஒல்லியாக, ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அவர் கேட்டது அதைத்தான். அதே ஆண்டு மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழு அவர் வடிவமைத்த திமில் உடைகளை அணிந்து ஆடியது. யார் போடுவார்கள் என்பதற்கு அது ஒரு நல்ல பதில்.

எனக்கு இன்னும் நெருக்கமானது இன்னொரு வடிவமைப்பாளரான ஹுசேன் சாலயானின் 2000-ஆம் ஆண்டு லண்டன் மேடை. வீட்டுக் கூடம் போன்ற இடம், நாற்காலிகள், நடுவில் வட்டமான மர மேசை. பெண்கள் நாற்காலி உறைகளைக் கழற்றி ஆடையாக அணிந்துகொள்கிறார்கள். ஒருத்தி மேசையின் நடுவே கால் வைத்து இறங்கி, அதை மேலே தூக்குகிறாள். மர வளையங்கள் அடுக்கடுக்காக விரிய, மேசை பாவாடையாகி இடுப்பில் நிற்கிறது. சாலயான் சைப்ரஸில் பிறந்தவர். போரில் வீட்டை விட்டு ஓடுகிறவர் எதை எடுத்துப் போக முடியும் என்பதுதான் அந்தத் தொகுப்பின் பொருள். அது தெரிந்த பிறகு அந்த மேசையை வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

ஆக, புதிதாகப் பார்ப்பவர் கேட்க வேண்டியது இது: ஆடை என்றால் இப்படித்தான் என்று நாம் நம்பும் எதை இது அசைக்கிறது? பதில் கிடைக்காத ஆடைகளும் நிறைய உண்டு. அவற்றைத் தாண்டிப் போய்விடலாம், தப்பில்லை.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? முன்னோடி என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது வென்று முடித்தவருக்கான பட்டமாகிவிட்டது. முன்னணி என்றால் பெரிய நிறுவனமோ அரசியல் கூட்டணியோதான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் இதற்கு நேர்ச்சொற்களே உண்டு: தார், தூசி, கொடிப்படை. "தார்தாங்கிச் செல்வது தானை" என்ற குறளில் வரும் தாருக்குப் பரிமேலழகர் தூசி என்றே உரை சொல்கிறார். இன்று தார் என்றால் சாலை, தூசி என்றால் தும்மல். கொடிப்படை அழகான சொல்தான், விளக்கம் சொல்லாமல் புரியாது. அதனால் நான் முன்படை என்றே எழுதுகிறேன்: முன்படை ஆடை, முன்படைக் கலைஞர். அடிபடும் அபாயத்தோடு முதலில் போகிறவர் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது.