501வது யூனிட்டோட விலை 243 ரூபா: ஏசி இருக்குற வீட்டுக்கு கரண்ட் பில் கணக்கு

சித்திரை வெயில் முடிஞ்சு பில் வரும்போது எல்லார் வீட்லயும் ஒரே புலம்பல்தான், "போன தடவையவிட கொஞ்சம்தான் கூட ஓடிச்சு, பில் மட்டும் எப்படி இவ்ளோ ஏறிச்சு"ன்னு. மீட்டர்ல கோளாறுன்னு நினைச்சு இபி ஆபீசுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஸ்லாப் கணக்க (எத்தன யூனிட் ஓடிச்சோ அதுக்கேத்த மாதிரி ரேட் மாறுற கணக்கு) ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க, முக்கால்வாசி நேரம் விஷயம் அங்கதான் இருக்கு.

தமிழ்நாட்டுல வீட்டு கனெக்ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். அதுல மொத 100 யூனிட் ஃப்ரீ, 2016 மே மாசத்துல இருந்து. நீங்க 200 ஓட்டினாலும் 2000 ஓட்டினாலும் இந்த 100 உண்டு, இதுல குழப்பம் இல்ல. குழப்பம் அடுத்த 100லதான். மொத்தம் 500க்குள்ள இருந்தா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு பாதி ரேட்தான் வாங்குவாங்க. 500ஐ தாண்டிட்டா அந்த பாதி ரேட் சலுகை மொத்தமா போயிரும், பழைய யூனிட்டுக்கும் சேத்து முழு ரேட்.

2024 ஜூலைல 4.83 சதவீதம் ஏத்தினாங்களே, அந்த ரேட்ல போட்டுக் காட்றேன் (2025 ஜூலைல ஏத்தினத வீடுகளுக்கு அரசே ஏத்துக்கிச்சு). 500க்குள்ள இருந்தா 101-200க்கு 2.35, 201-400க்கு 4.70, 401-500க்கு 6.30. சரியா 500ல நின்னா பில் 1805 ரூபா. 501 ஆச்சுன்னா 101-400 முழுக்க 4.70, அடுத்த நூறுக்கு 6.30, அந்த ஒத்த யூனிட்டுக்கு 8.40, கூட்டினா 2048 ரூபா 40 காசு. அதாவது ஒரே ஒரு யூனிட் 243 ரூபா! 600 தாண்டினா 9.45, 800க்கு மேல 10.50, 1000க்கு மேல 11.55ன்னு அது பாட்டுக்கு ஏறும், ஆனா ஒரே யூனிட்ல பில் இப்படி எகிறுறது 500ல மட்டும்தான்.

இப்ப ஏசிக்கு வருவோம். ஏசி மேல ஒட்டிருக்க ஸ்டார் லேபிள்ல நட்சத்திரத்த மட்டும் எண்ணிட்டு விட்றாதீங்க, வருஷத்துக்கு எத்தன யூனிட்னு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் முக்கியம். அந்த நம்பர் 1600 மணி நேரம் ஓடுனா ஆகுற கணக்கு. 800னு போட்டிருந்தா மணிக்கு அரை யூனிட், ராத்திரி 8 மணி நேரம்னு 60 நாளைக்கு 240 யூனிட் (வெயில் காலத்துல, ரூம் பெருசா இருந்தா இதவிட கூடவும் ஆகும்). மத்த எல்லாத்துக்கும் சேத்து வீட்ல 280 ஓடுதுன்னு வைங்க, மொத்தம் 520, பில் 2208 ரூபா. தினமும் விடியக்காலைல ஒரு மணி நேரம் முன்னாடி டைமர் வச்சு அணைச்சா 30 யூனிட் குறைஞ்சு 490, பில் 1742. 30 யூனிட்டுக்கு 466 ரூபா மிச்சம், வேற எங்கயும் இந்த வட்டி கிடைக்காது!

ஏசியில கை வைக்க மனசு வரலன்னா ஃபேன்ல வைங்க. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புது டைப் மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் முப்பது சொச்சம்தான், தினம் 10 மணி நேரம் ஓடுற ஒரு ஃபேன மாத்தினாலே ரெண்டு மாசத்துல 25 யூனிட் கிட்ட குறையும். கீசர் 2000 வாட், தினம் அரை மணி நேரம் போட்டா 60 யூனிட். வெயில் காலத்துல கூட சுவிட்ச மறந்துட்டுப் போறவங்க இருக்காங்க, எங்க வீட்லயே ஒருத்தர் இருக்கார்.

24 டிகிரி விஷயமும் பல பேருக்கு தெரியாது. 2020 ஜனவரி 1ல இருந்து ஸ்டார் லேபிள் ஒட்டி வர்ற ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24லதான் நிக்கணும்னு ரூல். ஆனா ரிமோட்ட எடுத்து 18 வைக்கறத யாரும் தடுக்கல. 18 வச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறாங்க, பெருசா ஒண்ணும் இல்ல, கம்ப்ரசர் நிக்காம ஓடும் அவ்ளோதான். ஒரு டிகிரி ஏத்தி வச்சா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு ஸ்டார் லேபிள் குடுக்குற பிஇஇயே சொல்லுது.

வாடகை வீட்ல இருக்கவங்க ஒண்ணு பாருங்க. மேல கீழ ரெண்டு குடித்தனத்துக்கும் ஒரே இபி மீட்டர்னா ரெண்டும் கூட்டி 500 சுலபமா தாண்டிரும், 100 யூனிட் ஃப்ரீயும் ஒரே தடவைதான். சப் மீட்டர் வச்சு ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு கேக்கறது அவர் போட்ட கணக்கு, இபி ஸ்லாப் இல்ல. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே தனி மீட்டர் இருக்கான்னு கேட்டுருங்க.

சொந்த மொட்டமாடி இருந்தா பிஎம் சூர்ய கர் இருக்கு, வீட்டு மாடில சோலார் பேனல் மாட்ட மத்திய அரசு மானியம் குடுக்குற திட்டம், 2024 பிப்ரவரில வந்தது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா மொத்தம் 78,000 மானியம், பேனல் மாட்டி ஓட ஆரம்பிச்சப்புறம் பேங்க் அக்கவுண்டுக்கு வரும். அதுவரைக்கும் காச நீங்கதான் பொரட்டணும். "300 யூனிட் இலவசம்"னு விளம்பரத்துல வர்றது அரசு குடுக்குற 300 இல்ல, உங்க பேனல்ல வர்ற கரண்ட்.

ரீடிங் எடுக்க வர்ற அன்னைக்கு மீட்டர போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. 45 நாள் கழிச்சு கேடபிள்யூஹெச்னு (அதான் யூனிட்) காட்டுற நம்பர்ல இருந்து அத கழிச்சுப் பாருங்க, 375ஐ தாண்டிருந்தா இப்படியே ஓட்டுனா 500 தாண்டும்னு அர்த்தம், கைல இன்னும் 15 நாள் இருக்கு.