வேப்பம்பூ உதிர ஆரம்பித்தால் நாயின் நடை நேரத்தை மாற்றுங்கள்

"தினமும் இதே அஞ்சு மணிக்குத்தான் டாக்டர் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு மட்டும் என்னாச்சுன்னே தெரியல."

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம், மூச்சு இரைத்துக்கொண்டிருந்த பக் நாயை மேசையில் கிடத்திவிட்டு அந்த அம்மா அழுதார். தை மாதத்தில் மாலை ஐந்து மணி இதமான நேரம். பங்குனியிலோ மதுரைத் தார் ரோடு பகலெல்லாம் வாங்கிய சூட்டை அப்போதுதான் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நாய்க்கு இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. தெர்மாமீட்டர் 107 காட்டியது. வரும் வழியில் ஆட்டோக்காரர் தன்னிடம் இருந்த குடிதண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அது பிழைத்ததற்கு என் ஊசிகளைவிட அந்தத் தண்ணீர்தான் பெரிய காரணம்.

என்னிடம் வரும் நாய்களின் தொந்தரவுகளில் நிறைய, மாதத்தை ஒட்டி வருபவை. அந்த மாதம் வந்துவிட்டதைத் தெருவே நமக்குச் சொல்லிவிடும். எங்கள் வீட்டுக் கருப்பி பதினோரு வயது நாட்டு நாய். அவளோடு நடந்து நடந்துதான் இதைப் படித்துக்கொண்டேன்.

எங்கள் தெருமுனை வேப்பமரம் பூ உதிர்க்க ஆரம்பித்ததும், சித்திரைப் பச்சடிக்காகப் பக்கத்து வீட்டு அக்கா மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைப்பார். கருப்பியின் பாதத்தில் அந்தப் பூ ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். அதைப் பார்த்த மறுநாளே எங்கள் நடை காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் மாறிவிடும். எந்த நேரமானாலும் சரி, கிளம்புமுன் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களால் அதையும் சரியாகச் செய்ய முடியாது. நடக்கும்போது இரைப்பு அடங்காமல், எச்சில் கோழையாக வழிந்து, கால் தள்ளாடினால் முதலில் நிழலுக்குத் தூக்குங்கள். வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பைக் குளிரவைக்க ஆரம்பித்த பிறகு வண்டி பிடியுங்கள்.

வெயிலோடு வருவது உண்ணி. போன சித்திரையில் நடந்து வந்து கருப்பியின் காலைத் துடைக்கும்போது, இரண்டு விரல்களுக்கு நடுவே மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தால், சின்ன ஆமணக்கு விதை மாதிரி உப்பிய ஒரு பெண் உண்ணி. இரத்தம் குடித்து முடித்ததும் அது தானாகவே விழுந்து, சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, அது படுக்கும் இடத்தின் வெடிப்புகளையும் பார்க்க வேண்டும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். நாங்கள் டிக் ஃபீவர் என்று சொல்லும் எர்லிகியா, பபேசியா இரண்டும் இது கடிப்பதால் வருபவை. பெரும்பாலும் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவதில்தான் தொடங்கும். அப்புறம் காய்ச்சல், ஈறு வெளுப்பு, சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம். மூக்கில் இரத்தம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், சோறு தின்னாத முதல் நாளே வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மருந்தில் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

ஆடிக் காற்றில் கண்ணில் தூசி விழும், சுத்தமான தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தீபாவளி வாரத்தில் இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடுங்கள். வெடிச்சத்தத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிய நாய்களில் சில திரும்பி வரவே இல்லை.

ஐப்பசி மழையில் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும். அதை நக்கிக் குடிக்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். நாயிடமிருந்து நமக்கும் தொற்றக்கூடியது அது. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் இதற்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மழைக்காலத்து இன்னொரு ஆபத்து தேரை. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பிகளில் அதற்குப் பால் போன்ற விஷம் இருக்கிறது. நாய் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயை நன்றாகக் கழுவிவிட்டு உடனே தூக்கி வாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் தெருநாய்கள் குட்டி போட்டிருக்கும். கல்யாண மண்டபத்துச் சுவரோரம் ஒரு தாய் நாய் வருடா வருடம் அந்த இடத்தில்தான் ஈனும். அங்கே நானும் கருப்பியும் எதிர்ப்பக்கம் மாறிவிடுவோம். குட்டியைக் காக்கும் தாய் கடித்தால் அது அதன் தப்பில்லை.

போன மார்கழியில் ஒரு காலை, கோலத்தின் ஓரமாக மூன்றாவது வீட்டு வாசலில் கருப்பி உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டேன், வாலை ஆட்டினாள், எழவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டில் தேய்மானம். வயதான நாய்களுக்குப் பனியில் இந்த வலி கூடும். வீட்டில் இருக்கிறதே என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் மாதிரி நம் வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். குடலில் புண்ணாகி இரத்தம் கொட்டும், சிறுநீரகமும் போய்விடும். நாய்க்கென்றே மருந்து இருக்கிறது. கருப்பியும் அதைத்தான் சாப்பிடுகிறாள். பனிக்காலத்தில் இப்போதெல்லாம் நாங்கள் ஏழரை மணிக்குத்தான் கிளம்புகிறோம், தெருவில் வெயில் விழுகிற பக்கமாக, அவள் நிற்கிற இடத்திலெல்லாம் நின்று.