இண்டிகேட்டர்: கைகாட்டி விளக்கு

“தம்பி, இண்டிகேட்டர் எரிஞ்சிக்கிட்டே இருக்கு!” பின்னால் வருபவர் கத்திச் சொன்ன பிறகுதான் பைக் ஓட்டும் பலருக்கு நினைவு வரும். காரில் ஸ்டியரிங் திரும்பி நேரானதும் அதுவே அணைந்துவிடும். பைக்கின் ஹேண்டில் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. அதனால் பெரும்பாலான பைக்குகளில் கட்டைவிரலால் நாம்தான் அணைக்க வேண்டும்.

விரல் என்றதும் ஒன்று. இந்தச் சொல்லின் வேரும் விரலோடு சேர்ந்ததுதான். லத்தீனில் ‘இண்டிகாரே’ என்றால் சுட்டிக்காட்டுவது. அதோடு பிறந்த ‘இண்டெக்ஸ்’ நம் ஆள்காட்டி விரலைக் குறிக்கும். அதே சொல்லுக்கு அங்கே உளவு சொல்பவன் என்றும் பொருள் உண்டு. தமிழிலும் ‘காட்டு’ என்ற வினைதான் ‘காட்டிக்கொடு’ ஆகிறது!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘திசைகாட்டி’ என்றால் கப்பலில் இருக்கும் காந்த ஊசி. ‘குறிகாட்டி’யைப் பொருளாதாரக் கட்டுரைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘சமிக்ஞை விளக்கு’ என்றால் முச்சந்தியில் நிற்கும் சிவப்பு, பச்சைதான் நினைவுக்கு வருகிறது. என் ஓட்டு ‘கைகாட்டி விளக்கு’க்கு. ஊருக்கு வழி சொல்லும் பலகையும், கையை ஏற்றி இறக்கும் பழைய ரயில் சிக்னல் மரமும் நம் மக்களுக்குக் கைகாட்டிதான். யாரும் குழு போட்டு உண்டாக்கிய சொல் இல்லை அது.

சட்டத்தின் பார்வையும் இதற்குத் துணை நிற்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு, ஓட்டுநர் சைகை காட்ட வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. அப்புறம்தான், திரும்பும் சைகையை வண்டியில் பொருத்திய மின்கருவி மூலம் தரலாம் என்கிறது. ஆக, கைக்குப் பதிலாக வந்ததுதான் விளக்கு.

அந்த விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 102-ஆம் விதி சொல்கிறது. நிறம் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள். நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல், 120-க்கு மிகாமல் சிமிட்ட வேண்டும். பைக்குகளுக்கான ஐ.நா.வின் 53-ஆம் ஒழுங்குமுறை இடைவெளியையும் அளக்கிறது: முன்பக்க இண்டிகேட்டர்கள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 240 மி.மீ., பின்பக்கம் 180 மி.மீ. இரண்டும் ஒட்டி இருந்தால், இருட்டில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் சிமிட்டுகிறது என்றே புரியாது. நம்பர் பிளேட்டுக்கு அருகே நெல்லிக்காய் அளவில் இரண்டு எல்.இ.டி. மாட்டி ‘ஸ்டைல்’ பண்ணுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இன்னொன்றும் நடக்கும். 10 வாட் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டால் மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும். பல வண்டிகளில் பழைய பிளாஷர் (விளக்கைச் சிமிட்ட வைக்கும் சிறு கருவி), பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று எண்ணிப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். 120-ஐ எளிதாகத் தாண்டிவிடும். எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும்.

பேச்சில் ‘இண்டிகேட்டர் போடு’ என்பது மாறப்போவதில்லை, மாற வேண்டாம். எழுதும்போது, குறிப்பாக ஓட்டுநர் பயிற்சிக் கையேடுகளில், ‘கைகாட்டி விளக்கு’ என்று போட்டுப் பாருங்கள். படிப்பவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.