போனவர்கள் திரும்பி வந்தது எப்படி?

மேற்கு ஆப்பிரிக்கா அவ்வளவு பக்கத்தில் இருந்தும், போர்ச்சுகீசியக் கப்பல்கள் 15ஆம் நூற்றாண்டு வரை அங்கே போகாதது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போவது சுலபம். திரும்புவதில்தான் சிக்கல்.

இன்றைய மேற்கு சஹாராக் கரையில் உள்ள போஜடோர் முனையைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று மாலுமிகள் அஞ்சினார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்துவிடாதீர்கள். நிலநடுக்கோட்டில் சூடாகி எழும் காற்று 30 டிகிரி அட்சரேகை வாக்கில் இறங்கி, திரும்பும் வழியில் பூமியின் சுழற்சியால் மேற்கே விலகி, வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றாகிறது, பள்ளியில் படித்ததுதான். அந்தக் கரையில் பெரும்பாலும் இதே காற்று. கேனரி நீரோட்டமும் தெற்கே இழுக்கும்.

சரி, எப்படித் திரும்பினார்கள்? கேரவல் என்ற சிறிய போர்ச்சுகீசியக் கப்பலின் முக்கோணப் பாய், காற்றைச் சாய்வாக எதிர்கொள்ளும். வளைந்த பாயின் இருபுறமும் அழுத்தம் வேறுபடுவதால் கப்பல் பக்கவாட்டில் தள்ளப்படும். தண்ணீருக்குள் இருக்கும் உடல்பகுதி அதைத் தடுக்க, மிஞ்சும் விசை முன்னே செலுத்தும். ஆனாலும் நேரே காற்றுக்குள் போக முடியாது. கரையோரமாக வளைந்து வளைந்து ஏறினால், முன்னேறியதில் பாதியை நீரோட்டம் தின்றுவிடும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். வீடு வடகிழக்கில் இருக்க, அவர்கள் வடமேற்கே திரும்பினார்கள். காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு, கரை கண்ணுக்கு மறைய, நடுக்கடலுக்கே போனார்கள். போர்ச்சுகலுக்கு மேற்கே நடுக்கடலில் உள்ள அசோரஸ் தீவுகளின் அட்சரேகையை நெருங்கும்போது காற்று மாறும். அங்கே மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று முதுகில் தள்ள, லிஸ்பனுக்கு நேர் ஓட்டம். 'வோல்டா டோ மார்' என்ற இந்தச் சுற்றுவழியைத்தான் 1493இல் கொலம்பஸும் ஊர் திரும்பப் பயன்படுத்தினார்.

போஜடோரை 1434இல் போர்ச்சுகீசிய மாலுமி கில் எயானெஸ் கடந்தார். 1441இல் அந்தக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்கள் போர்ச்சுகல் சேர்ந்தார்கள். 1444இல் லாகோஸ் துறைமுகத்தில் 235 பேரை இறக்கிப் பங்கு போட்டார்கள். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு, இந்தப் பயணங்களுக்குப் பணம் போட்ட போர்ச்சுகல் இளவரசர் ஹென்றிக்கு. 'கடலோடி' என்று புகழப்படும் அவர் இந்தப் பயணங்களில் எதிலும் போனதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் போடுபவர் என்ன எதிர்பார்த்துப் போடுகிறார் என்று கேட்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தென் அட்லாண்டிக்கில் இந்தச் சுழல் தலைகீழ். அங்கோலாவிலிருந்து கிளம்பும் கப்பலை தென்கிழக்குக் காற்று பிரேசிலுக்கே கொண்டுசேர்க்கும். திரும்ப, தெற்கே இறங்கி மேலைக்காற்றைப் பிடிக்க வேண்டும். அதனால் பல அடிமைக் கப்பல்கள் ஐரோப்பா பக்கமே போகாமல், அங்கோலாவின் லுவாண்டா துறைமுகத்துக்கும் பிரேசிலுக்கும் இடையே மட்டும் ஓடின. அட்லாண்டிக் கடந்து கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களில் மிக அதிகமானோர் இறங்கிய நாடு பிரேசில்தான்.