ஆக்டிவ் லேர்னிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மாணவர் பாடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், தாமே ஒன்றைச் செய்து, செய்வதைப் பற்றி யோசித்துக் கற்பதுதான் ஆக்டிவ் லேர்னிங். ஆக்டிவ் என்பதன் வேர், 'செய்', 'இயக்கு' என்று பொருள்படும் 'அகெரே' என்ற லத்தீன் வினைச்சொல். கருத்து பழையது. 1991இல் சார்லஸ் பான்வெல், ஜேம்ஸ் ஐசன் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதிய அறிக்கைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. செய்வதும் வேண்டும், செய்வதைப் பற்றிச் சிந்திப்பதும் வேண்டும் என்பது அவர்கள் தந்த விளக்கம். இதில் இரண்டாவதைத்தான் வகுப்பறைகள் அடிக்கடி கைவிடுகின்றன.

வானியல் பாடத்தில் இது பளிச்சென்று தெரியும். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பெரியவர்களிலேயே பலர் நம்புகிறார்கள். அதைத் திருத்த ஓர் இருட்டறை, ஒரு விளக்கு, ஆளுக்கொரு பந்து போதும். விளக்கு சூரியன், பந்து நிலா, மாணவரின் தலை பூமி. பந்தைக் கைநீட்டிப் பிடித்தபடி இடப்பக்கமாக மெல்லத் திரும்பினால் பிறை, அரைநிலா, முழுநிலா எல்லாம் வரிசையாக வரும். ஆனால் திரும்புவதற்கு முன்பே, "விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் பந்து எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் பதிலை எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு அப்புறம் திரும்பட்டும். அங்கே தலையின் நிழல் பந்தின்மேல் விழும். அது சந்திர கிரகணம். அப்படியானால் அரைநிலாவில் அந்த நிழல் எங்கே போனது என்று பிள்ளைகளே கேட்பார்கள். பந்தைச் சற்று உயர்த்தினால் நிழல் விலகி முழுநிலா கிடைக்கும். நிலவின் பாதை ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருப்பதால் மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை என்பதும் அதே பந்தில் விளங்கிவிடும். இதையே ஆசிரியர் மட்டும் செய்துகாட்டினால், மாணவருக்கு அது வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துபோகும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'செயல்வழிக் கற்றல்' அழகான சொல்தான். ஆனால் அது தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளும் பொருள்களும் கொண்டு நடக்கும் முறைக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. கையின் வேலையைத்தான் முன்னால் நிறுத்துகிறது. கோள்களுக்கு வண்ணம் பூசி ஒட்டுவதும் செயல்தான், அதில் யோசிக்க எதுவும் இல்லாமல் போகலாம். 'துடிப்பான கற்றல்' அகராதியைப் பார்த்து அப்படியே மாற்றியது. சத்தமான வகுப்பைத்தான் நினைவூட்டும். 'படைப்பாற்றல் கல்வி' வேறு பொருளுக்கு இழுக்கிறது.

என் தேர்வு 'செயலூக்கக் கற்றல்'. செயலோடு ஊக்கமும் சேர்வதால் கையும் மனமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இரவில் மாணவர்களை ஒருநாள் வெளியே கூட்டிப்போய் நிலாவைக் காட்டுவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. வளர்பிறை நாட்களில் அவர்களே மாலைதோறும் ஒரே நேரத்தில் நிலா நிற்கும் இடத்தை வரைந்து, நாளை எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, அது நாளுக்குச் சுமார் 12 டிகிரி கிழக்கே நகர்கிறது என்று கண்டுபிடித்தால், அது செயலூக்கக் கற்றல்.